மச்சான் பிடித்த கயிறு

சனிக்கிழமை உச்சி வெயிலில் மெல்வின் தன் தங்கை ரோஸின் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது திரேஸ்புரத்துத் தெருவில் ஒரு நாய்கூட நடமாடவில்லை. கருவாட்டு வாடை மட்டும் வெயிலோடு சேர்ந்து தெருவை நிறைத்துக் கிடந்தது. ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலையில் இருபத்தைந்து வருஷம் தேய்ந்தவன் அவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தோளில் சாமான் பையை மாட்டிக்கொண்டு, இன்று வாரேன் நாளை வாரேன் என்று ஒரு மாதம் தட்டிக் கழித்து, இனித் தட்ட வழியில்லாமல் வந்து நின்றான்.

வழியில்லாமல் செய்தவள் ரோஸின் ஒரே மகள் அனிஷா. திங்கட்கிழமை காலையில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஜாய்சன், மணப்பாட்டுக்காரன், கப்பலில் வேலை. கோவிலில் தாலி கட்டி முடித்ததும் மற்ற பெண்களைப் போலக் காரில் ஏறமாட்டாளாம். செத்துப்போன அப்பாவின் மோட்டார் சைக்கிளை ஜாய்சன் ஓட்ட, பின்னால் உட்கார்ந்துதான் வீட்டுக்கு வருவாளாம். பிடிவாதத்தில் அப்பனை உரித்து வைத்தவள்.

"சாப்பிட்டியளா மாமா?" என்று வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முடிச்சிட்டுச் சாப்பிடுதேன். வண்டி எப்பிடி இருக்கு?"

"மெக்கானிக் செல்லப்பாண்டி அண்ணாச்சி என்ஜின ஓட வச்சிட்டாவ. நிப்பாட்டத்தான் முடியல. கியரப் போட்டு அமுக்கித்தான் நிப்பாட்டுதாவ. ஹாரன், லைட்டு, ஒரு ஸ்விட்சும் வேல செய்யல. ஸ்விட்சுக்கு உங்க மாமாதான்னுட்டாவ."

வண்டி பின்கட்டில், பழைய வலைகளும் கயிறுகளும் கிடக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் நின்றது. அந்தக் காலத்தில் அனிஷாவின் தாத்தா கொழும்பிலிருந்து தோணியில் ஏற்றிக்கொண்டு வந்த சீமை வண்டி. அவருக்குப் பிறகு அவர் மகன் சிலுவை, அனிஷாவின் அப்பா, ஓட்டினான். சிலுவைக்குப் பிறகு ஒன்பது வருஷமாக அதன்மேல் தார்ப்பாய்தான் கிடந்தது.

அந்த வண்டிப் பக்கமே மெல்வின் இத்தனை காலம் வராததற்குக் காரணம் இருந்தது. ஊர் அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டது. பாவம், மச்சினன் நினைப்பு, தாங்க முடியவில்லை என்று சொன்னது.

சங்கு குளிக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முத்துக் குளித்த காலத்திலிருந்து வருவது. அடியில் இறங்குகிறவனின் கயிற்றை வள்ளத்தில் இருந்து பிடிப்பவன், அவன் மனைவியின் கூடப் பிறந்தவனாக இருக்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பியைக்கூட அந்த இடத்தில் நம்பமாட்டார்கள், பங்காளிக்கு ஆயிரம் காரணம் இருக்கும். மச்சான் கயிற்றை விட்டால் தாலி அறுப்பது அவன் தங்கை. அதனால் விடமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. கயிற்றில் ஓர் இழுப்பு வந்தால் இன்னும் கயிறு விடு என்று அர்த்தம். இரண்டு வந்தால் காற்று போதவில்லை. மூன்று வந்தால், என்னை மேலே தூக்கு.

ரோஸைக் கட்டியதிலிருந்து சிலுவைக்குக் கயிறு பிடித்தது, தன் எலக்ட்ரீஷியன் வேலைக்கு நடுவே, மெல்வின்தான். சிலுவை கடலுக்கு அடியில் செத்த அன்றும் கயிறு அவன் கையில் இருந்தது. வள்ளத்தில் அவர்கள் இரண்டு பேர்தான். கம்ப்ரசர் ஓட்டுகிற என்ஜின் திடீரென்று நின்றுவிட்டது, குழாயில் காற்று போகவில்லை, தூக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று கரையில் விழுந்து அழுதான். ஒருவரும் மறுகேள்வி கேட்கவில்லை. மச்சான் பிடித்த கயிறு அல்லவா?

மெல்வின் தார்ப்பாயை இழுத்துப் போட்டான். பிளாஸ்டிக் பட்டன் ஒன்றைப் புதிதாக வாங்கி வந்திருந்தான். ஹேண்டில்பாரின் வலப்பக்கம், என்ஜினை நிறுத்தும் கட்-ஆஃப் பட்டன் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அதைக் கழற்றியதே அவன்தான்.

இடம் காலியாக இல்லை.

பழைய பித்தளைப் பட்டன், ஐந்து ரூபாய்க் காசு அகலத்தில், அதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. விளிம்பில் சிப்பிக்குஞ்சுகள் அப்பியிருந்தன. மெல்வின் சுட்டுவிரலால் களிம்பைத் துடைத்தான். குறுக்கே ஒரு கீறல். அரம் வழுக்கி அவன் கையாலேயே விழுந்த கீறல்.

"ஏளா அனிஷா!" குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "இந்தப் பட்டன யாரு மாட்டுனது?"

அடுக்களை ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. "அது எப்பவும் அங்கனதான மாமா இருக்கு?"

இல்லை. அது கடலுக்கு அடியில், பத்துப் பாகம் ஆழத்தில் இருக்கிறது.

வள்ளத்து என்ஜினின் கட்-ஆஃப் உப்பில் அரித்துப் போனபோது இந்தப் பட்டனைக் கொடுத்தவன் சிலுவைதான். "எம் வண்டியில உள்ளதக் கழத்திப் போடு மச்சான். வண்டிய எப்பிடியும் நிப்பாட்டிக்கிடலாம். நடுக்கடல்ல என்ஜின் சொன்ன பேச்சக் கேக்கணும்லா?" என்றான். மெல்வின் அதை அரத்தால் ராவிப் பொருத்தினான். அதற்கு நாலாம் நாள் காலையில், கரைக்குத் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்த ரோஸின் இடது கண் வீங்கி மூடிக் கிடந்தது. அவள் அழவில்லை. சட்டியைக் கொடுக்கும்போது மட்டும் தணிந்த குரலில் சொன்னாள்: "எத்தன நாளைக்குண்ணே இவங்கிட்ட நான் சாவ? கயிறு ஒங்கையிலதான இருக்கு?"

அன்று சிலுவை இறங்கி இருபது நிமிஷம் ஆனதும் மெல்வின் இந்தப் பட்டனில் கட்டை விரலை வைத்தான்.

என்ஜின் இரண்டு தடவை தும்மி நின்றது. கடல் அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவன் அதற்கு முன் அறிந்ததில்லை. பிறகு கயிறு பேச ஆரம்பித்தது. மூன்று இழுப்பு. மூன்று. மறுபடி மூன்று. சிலுவையின் இடுப்பில் பன்னிரண்டு கிலோ ஈயம் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. மெல்வின் கயிற்றை விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை. எண்ணினான். பதினேழு முறை. தங்கைக்காகச் செய்தேன் என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். ஆனால் அதற்கு முந்தின மாதம் கடற்கரையில் நாலு பேர் பார்க்கச் சிலுவை அவனையும் கன்னத்தில் அறைந்திருந்தான் என்பதும், எண்ணும்போது அந்தக் கன்னம் குளிர்ந்தது என்பதும் அவனுக்குத் தெரியும். எல்லாம் அடங்கியபின் பட்டனைப் பிடுங்கிக் கடலில் எறிந்துவிட்டுத்தான் பிணத்தைத் தூக்கினான்.

செல்லப்பாண்டி ஏதோ பழைய சாமான் கடையில் தேடி மாட்டியிருப்பான். ஒரே மாதிரிப் பட்டன்கள் உலகத்தில் ஆயிரம் இருக்கும். ஒரே மாதிரிக் கீறலும் இருக்கும். மெல்வின் இப்படித் தனக்கே சொல்லிக்கொண்டு வேலையை ஆரம்பித்தான்.

முதலில் பேட்டரியைக் கழற்றி மூலையில் வைத்தான். பிறகு ஹாரன் ஸ்விட்சின் மூடியைத் திறந்தான். உள்ளிருந்து தண்ணீர் கொட்டியது. ஒரு சொட்டு இரண்டு சொட்டு அல்ல, கை நிறையக் கொட்டியது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு. அடியில் வெள்ளை மணல் படிந்திருந்தது. ஒன்பது வருஷம் ஒரு துளி மழை படாத கொட்டகை.

மணலைத் துடைத்தான், உப்புத்தாள் போட்டு முனைகளைத் தேய்த்தான், பெட்ரோலில் கழுவினான். கை பழகிய வேலையைச் செய்துகொண்டே போனது. வள்ளத்து என்ஜின் கக்கும் மண்ணெண்ணெய்ப் புகையின் வாடை வந்தது. வண்டியோ பெட்ரோல் வண்டி, அதுவும் ஓடாமல் நிற்கிறது.

அப்போது ஹாரன் அடித்தது.

மூன்று முறை. குட்டையாக, ஈரத் தொண்டையிலிருந்து வருவது போல.

பேட்டரி மூலையில் கிடந்தது.

மெல்வின் கட்டிங் பிளேயரை எடுத்து ஹாரன் வயரை இரண்டாக வெட்டினான். வெட்டின முனையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மூன்று.

அவன் உள்ளங்கை இரண்டும் எரிந்தன. கயிறு இழுத்தால் எரியும் இடத்தில், அதே கோட்டில்.

ஓடியிருக்கலாம். ஆனால் வண்டியை இப்படியே விட்டால் திங்கட்கிழமை அனிஷா இதில் ஏறுவாள். அந்த ஒரு நினைப்புதான் அவனை நிறுத்தியது. அப்பன் செத்த நாளிலிருந்து அவளைத் தன் பிள்ளையாக வளர்த்தவன் அவன். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டது, டைபாய்டில் பதினோரு நாள் ஆஸ்பத்திரித் தரையில் படுத்துக் கிடந்தது எல்லாம் அவன்தான். உலகத்தில் அவனுக்கு அவள் ஒருத்திதான். பட்டனைக் கழற்றிவிட வேண்டும், வண்டியை ஓடாமல் செய்துவிட வேண்டும், ஏதாவது பொய் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தான்.

பட்டனைத் தொட்டதும் என்ஜின் தானாக உயிர் பெற்றது. யாரும் உதைக்கவில்லை. டப் டப் என்று கொட்டகை அதிர ஓடியது.

இருபத்தைந்து வருஷத்துப் பழக்கம். ஓடுகிற என்ஜினை நிறுத்தக் கட்டை விரல் தானாகப் போய் பட்டனை அமுக்கியது.

என்ஜின் நிற்கவில்லை. அடுக்களையில் அனிஷா இருமினாள்.

இன்னும் அழுத்தி அமுக்கினான். இருமல் நின்றது. ஒரு பாத்திரம் கீழே விழுந்து உருண்டது. "ஏளா! என்னளா ஆச்சி? ஏசுவே, மூச்ச விடுளா!" என்று ரோஸ் அலறினாள்.

மெல்வின் விரலை எடுத்தான். உள்ளே நீளமாக, கிழிந்துபோன குரலில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

என்ஜின் நின்றது. சிரிப்பதற்காக நிறுத்தியதைப் போல.

அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் மனிதன் ஒரு முறை பார்த்து நம்புவதில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே, பட்டனை ஒரு நூல் அளவு அழுத்தினான். முக்காலியில் உட்கார்ந்திருந்த அனிஷாவின் கை தொண்டைக்குப் போனது. விட்டான். கை இறங்கியது. அவளை வைத்துச் சோதித்துப் பார்த்த விரலைச் சட்டையில் தேய்த்துக்கொண்டான்.

ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பட்டனை நெம்பினான். உள்ளே ஸ்பிரிங் 'ணங்' என்று ஒடிந்தது. பட்டன் வெளியே வரவில்லை. தாங்க ஒன்றுமில்லாமல், தன் எடையில் தானே, மெல்ல உள்ளே இறங்க ஆரம்பித்தது.

ஜன்னலுக்கு உள்ளே அனிஷா கீழே சரிந்தாள்.

மெல்வின் நகங்களை விளிம்புக்குக் கீழே கொடுத்து மேலே இழுத்துப் பிடித்தான். மூச்சு வந்தது. இடது கையால் ஒரு மரச்சில்லைத் தேடி எடுத்து இடுக்கில் செருகினான். சில்லு மாவாக நொறுங்கியது. பித்தளைக் கம்பியைச் சுற்றினான். வெயிலில் வைத்த மெழுகாக அது இளகி விழுந்தது. ஒவ்வொரு தடவையும் உள்ளே ரோஸ் அலறினாள். கையால் பிடித்தால் மட்டும் நின்றது. அதுவும், பிடிக்கப் பிடிக்க, கீழிருந்து ஒருவன் இழுப்பது போல விரல்களில் கனத்துக்கொண்டே போனது.

மகளைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு ரோஸ் கொட்டகை வாசலுக்கு வந்தாள்.

"என்னண்ணே இது? பிள்ளைக்கு மூச்சு நின்னு நின்னு வருது. நீ இங்கன என்ன செய்த?"

"கிட்ட வந்து பாரு."

பட்டனைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் சொன்னான். ஒன்பது வருஷமாகச் சொல்லாததை, பட்டனிலிருந்து விரலை எடுக்காமல், நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தான்.

"நாஞ் சொன்னதுதான?" என்றாள் ரோஸ். "சொல்லிட்டு வீட்டுக்குப் போயி மீனு ஆஞ்சேன். நீ வந்து அழுதப்பவே எனக்குத் தெரியும். ஒரு வா தண்ணி குடிச்சிட்டுத்தான் நானும் அழுதேன்."

"கை மரத்துப் போச்சி, ரோஸு."

அவள் குனிந்து, அவன் விரல்களுக்குப் பக்கத்தில் தன் விரல்களைக் கொடுத்தாள். அவன் பயந்து பயந்து கையை எடுத்தான். பட்டன் நின்றது. சிலுவைக்கு இந்த இரண்டு கைகளையும் நன்றாகத் தெரியும் போலிருக்கிறது.

அன்று மத்தியானத்திலிருந்து அண்ணனும் தங்கையும் முறை போட்டுக்கொண்டு பிடித்தார்கள். கல்யாண வீடு, வருவோரும் போவோருமாக இருந்தது. வண்டி வேலை இழுத்துக்கொண்டே போகிறது என்று ரோஸ் எல்லோரிடமும் சொன்னாள். விருந்தாளிக்குக் காப்பி கொடுத்துவிட்டு ஓடி வருவாள், கொஞ்சம் பிடிப்பாள், யாராவது கூப்பிட்டால் ஓடுவாள். மெல்வினின் நகங்கள் இரண்டு பெயர்ந்துவிட்டன. மூச்சு அடைத்தது வெயில் மயக்கம் என்று அம்மா சொன்னதை நம்பி, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அனிஷா சிரித்துக்கொண்டு, மருதாணிக் கையோடு வீட்டுக்குள் நடமாடினாள். அவளுடைய ஒவ்வொரு மூச்சும் கொட்டகையில் யாரோ ஒருவர் விரலில் இருந்தது அவளுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை காலையில் வெள்ளைப் பட்டுப் புடவையும் தலையில் முக்காடுமாக அவளே கொட்டகைக்கு வந்தாள்.

"மாமா, வண்டி ஓடலைன்னாப் போட்டும். கார்லயே வாரேன். நீங்க எந்திரிங்க. கார் வந்துட்டு."

"நீ போ. நான் வரல."

"வரலையா? கோவிலுக்குள்ள என்னைய யாரு கூட்டிட்டுப் போவா?"

மெல்வின் நிமிரவில்லை. தன் முகத்தை அவள் பார்த்துவிடக் கூடாது என்று ஹெட்லைட்டையே பார்த்தான். அவள் பக்கத்தில் வந்து அவன் தோளில் கை வைத்தாள்.

"எங்க அப்பாவுக்குக் கயிறு பிடிச்ச கை மாமா இது. கடைசி வரைக்கும் விடலைன்னு எல்லாரும் சொல்லுவாவ. இந்தக் கையப் பிடிச்சிக்கிட்டுத்தான் நான் கோவிலுக்குள்ள போவேன்." சொல்லிக்கொண்டே அவன் வலக்கையை, பட்டனில் இருந்த அதே கையை, பிடித்து இழுத்தாள்.

பட்டன் ஒரு நெல் அளவு இறங்கியது. அவள் வாய் திறந்தது, மூச்சு வரவில்லை. மருதாணிக் கை காற்றைத் துழாவியது.

மெல்வின் இடது கையால் அவளை நெஞ்சில் தள்ளினான். அவள் வலைக் குவியலின் மேல் போய் விழுந்தாள். அவன் விளிம்பைப் பிடித்துத் தூக்கினான். அவளுக்கு மூச்சு திரும்பியது. புடவையில் அவன் விரல்களின் ரத்தம் ஐந்து கோடாக விழுந்திருந்தது.

"மாமா…"

"யாருளா ஒனக்கு மாமன்?" என்றான். வேறு வழி தெரியவில்லை. அவள் இனி எப்போதும் இந்தப் பக்கம் வராதபடி செய்ய வேண்டும். "ஒங்க அப்பன் செத்த அன்னைக்கே நமக்குள்ள தீந்துது. ஊரு வாய்க்குப் பயந்து ஒனக்குச் சோறு போட்டேன். அவ்வளவுதான். கட்டுனவங்கூடப் போயிரு. இந்த வாசல மிதிக்காத."

அனிஷா எழுந்தாள். அழவில்லை. அம்மாவைப் போலவே, அழாமல் அவனைப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள். வாசலில் நின்ற ரோஸ் அண்ணனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு காரை நோக்கி ஓடினாள். இன்றைக்கு அவளுக்கு முறை இல்லை.

வீடு காலியானது. வெயில் கொட்டகை வாசலுக்குள் ஏறி வந்தது. கோவில் மணி கேட்டது. இப்போது தாலி கட்டியிருப்பான். நாளைக்கு மணப்பாட்டுக்குப் போய்விடுவாள். அங்கே போனால் மட்டும் என்ன, அவளுடைய மூச்சு இங்கேதான் கிடக்கும். நாளைக்கும் பிடிக்க வேண்டும். அடுத்த வருஷமும் பிடிக்க வேண்டும். ரோஸுக்கு நாற்பத்தாறு வயது, அவனுக்கு ஐம்பத்து மூன்று. இரண்டு பேரும் போனபின் யார் பிடிப்பார்கள்?

இரண்டு நாளாக மூடாத கண்கள் செருகின. தலை டாங்க்மேல் சாய்ந்தது. பித்தளை சில்லென்று இருந்தது.

"மாப்ள," என்று ஹெட்லைட்டைப் பார்த்துக் கிசுகிசுத்தான். "பிள்ளைய விட்டுரு. ஒம் பிள்ளைலா அது? மூணு தடவ அடி. ஒரே ஒருக்க மூணு அடி. இந்தத் தடவ தூக்குதேன். ஏசு மேல ஆணையாத் தூக்குதேன் மாப்ள, மேல வந்துரு."

கொட்டகை அமைதியாக இருந்தது. கொடியில் தொங்கிய வலையிலிருந்து நீர் சொட்டும் சத்தம் கேட்டது. அந்த வலை காய்ந்து பல வருஷம்.

வயர் அறுந்து கிடந்த ஹாரன் அடித்தது.

ஒன்று.

அவன் காத்திருந்தான். இரண்டாவது வரவில்லை.

ஒன்று என்றால், இன்னும் கயிறு விடு. விரல்களுக்குக் கீழே பட்டன் மெல்லக் கனக்கத் தொடங்கியது.